சுவரைப் பார்த்து எழுதிய தேர்வு

மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேனர் அக்கா. பத்தொன்பது வருடமாகத் தேர்வு நாட்களில் கல்லூரியின் இடதுபக்க வாசலில் நின்று பெண்களைச் சோதனை போடுவது அவள் வேலை. கணவர் தையல்காரர். எந்த உடையின் கையோரத்தில் எத்தனை மடிப்பு இருக்கும் என்பது வீட்டுப் பேச்சிலேயே அவளுக்கு ஊறிப்போயிருந்தது. ஒரு மடிப்பு கூடினால் விரல் தானாக நின்றுவிடும். தண்ணீர் பாட்டில் லேபிளுக்குள், தலைமுடி ரப்பருக்குள், அடிபடாத விரலில் சுற்றிய கட்டுக்குள் என்று துண்டுச்சீட்டு எங்கே ஒளிந்தாலும் அவள் கைக்கு வந்து சேரும்.

வலதுபக்க வாசலில் பையன்களைச் சோதிப்பவர் காவலாளி. உறவு ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணனாகிவிட்டவர். அதே பத்தொன்பது வருடத்தில் அவர் பிடித்தது மொத்தம் மூன்று சீட்டு. அதில் ஒன்று சலவைக்கடை ரசீது.

இந்த வருடம் கல்லூரிக்கு நேர்மை வந்தது. வாசலில் சோதனை கிடையாது, அறையில் கண்காணிப்பாளரும் கிடையாது. விடைத்தாளின் கடைசியில் ஓர் உறுதிமொழி மட்டும் அச்சிட்டிருக்கும்: உதவி பெறவில்லை, உதவி தரவில்லை, பிறர் அப்படிச் செய்ததைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் பெயரை எழுத வேண்டும். கையெழுத்தில்லாத தாள் செல்லாது.

நேர்மை வந்ததில் முதலில் வேலை போனது இந்த இருவருக்கும்தான். முதல்வர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். நூலகத்தில் உதவியாளர் இடங்கள் காலியாக இருந்தன. தற்காலிக ஊழியர் பத்துப் பேரும் தேர்வு எழுதலாம், தேறினால் வேலை நிரந்தரம். அதுவும் உறுதிமொழி முறையில்தான்.

மூன்று வாரம் அடுப்பங்கரையில் நின்றபடியே புத்தக வரிசை எண்களை மனப்பாடம் செய்தாள். கணவர் மெஷினை நிறுத்திவிட்டு, கையோரத்தில் ஒரு மடிப்பு வைத்துத் தரட்டுமா என்று சீண்டினார்.

"உன்னாலயே கண்டுபிடிக்க முடியாது."

"கண்டுபிடிச்சிடுவேன். அதுதான் கஷ்டம்."

தேர்வன்று அண்ணன் அவளுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே அவள் கண் அவர் கையில் போய் நின்றது. வழக்கமாக முழங்கை வரை சுருட்டிவிடும் சட்டைக்கையை இன்று மணிக்கட்டு வரை இறக்கிப் பித்தான் போட்டிருந்தார். வலது கை புடைத்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் அந்தக் கையைப் பார்த்தால் உள்ளே இருப்பதும் தெரிந்துவிடும். தெரிந்தால் பெயரை எழுத வேண்டும். எழுதினால் அண்ணன் வீட்டுக்குப் போவார். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் அது பொய். போடாவிட்டால் வீட்டுக்குப் போவது இவள்.

வினாத்தாள் வருவதற்குள் எழுந்து, மேசையை இழுத்துச் சுவரோடு சேர்த்துப் போட்டாள். அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். சுவரில் ஓர் ஆணி, ஒரு மசிக்கறை, வேறொன்றுமில்லை.

அரை மணி கழித்து முதல்வர் எட்டிப் பார்த்தார். ஒன்பது பேர் ஒரு பக்கமும் ஒருத்தி எதிர்ப்பக்கமும் உட்கார்ந்திருந்ததைக் கண்டு, நேரே அவளிடம் வந்து காரணம் கேட்டார்.

"பாத்துட்டா கையெழுத்துப் போட முடியாது சார். என் கண்ணு அப்படி."

முதல்வர் மெதுவாகத் திரும்பி மற்றவர்களை நோக்கி நடந்தார். அவர் செருப்புச் சத்தத்துக்கு முன்னால் வேறொரு சத்தம் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையில் காகிதம் விழும் சத்தம். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். ஏழு. திரும்பவில்லை.

நேரம் முடிந்ததும் உறுதிமொழியை இரண்டு தடவை படித்தாள். மனம் கேட்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே, 'பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது' என்று எழுதிக் கொடுத்தாள்.

விழுந்த சீட்டுகளுக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. ஒன்பது பேருக்கும் மறுதேர்வு என்று அறிவித்தார்கள். அவளுக்கு ஐம்பத்தாறு மதிப்பெண், நூலகத்தில் வேலை. உறுதிமொழியில் புதிதாக ஒரு விதி சேர்ந்தது: மேசையைத் திருப்பக்கூடாது.

மறுதேர்வுக்கு முந்தின நாள் அண்ணன் நூலகத்துக்கு வந்து, அலமாரி ஓரத்தில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"நெசமா நீ திரும்பிப் பாக்கலையா?"

"இல்லண்ணே."

"அப்ப என்னோட சீட்டு எதுன்னு உனக்குத் தெரியாது."

"நாலாவது. உருண்டு விழுந்துச்சு. யாராவது சீட்டைச் சுருட்டுவாங்களா? பட்டையா மடிக்கணும்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"எப்படின்னு ஒருவாட்டி மடிச்சுக் காட்டேன்."

அவள் அடுக்க வேண்டிய புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உதவி தரலைன்னும் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணே."