அண்ணியின் உப்பு கரைந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அண்ணியின் நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதச் சொன்னது அண்ணன். "கூடவே இருந்தவ நீதான, நீயே எழுதும்மா" என்று சொல்லிவிட்டார். கூடவே இருந்தேன் என்பது உண்மை. எப்படி இருந்தேன் என்பதையும் எழுதாவிட்டால் இந்த மலர் பாதிப் பொய்யாகிவிடும்.

அண்ணி கீழ்புத்துப்பட்டில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் நடுவில் ஒருவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் களை எடுக்க அனுப்பிவிட்டார்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வந்த பிறகுதான் உப்பளத்தில் இறங்கினார். நானும் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் திரும்பி வந்து அதே அளத்தில் இறங்கினேன். எங்கள் இருவருக்குமே வாய் நீளம். நாங்கள் சண்டை போட்டால் அடுத்த பாத்திக்காரர்கள் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

அண்ணிக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை வயிற்றிலேயே போனது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்ற கேள்விதான். நானும் கோபத்தில் ஒரு தடவை சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். 2004-ல் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்த ஓர் அம்மா அவரை ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார். பிள்ளை வரம் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்து, "அங்க போனா மட்டும் பொறந்துடுமா?" என்று கேட்டேன்.

"பொறக்குதோ இல்லியோ. அங்க யாரும் எங்கிட்ட அத கேக்கல. நல்லா இருக்கியாம்மான்னு கேட்டாங்க. எனக்கு அது போதும்" என்றார்.

பிள்ளை பிறக்கவில்லை. அண்ணியின் வாய்தான் மாறியது. திட்ட வாயைத் திறப்பார், பாதியில் மூடிக்கொண்டு முணுமுணுவென்று எதையோ சொல்லுவார். எனக்கு அதுதான் எரிச்சல். சண்டைக்கு ஆள் இல்லாமல் போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? "வேதத்துல சேந்துட்டாங்க, இனிமே நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா" என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உப்பு வார வருவதில்லை என்பது அடுத்த குறை. அதற்காகச் சனிக்கிழமையே இரண்டு நாள் வேலையைச் செய்து முடித்துவிடுவார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

அந்த வருடக் கடைசியில் கடல் பொங்கி அளம் முழுவதும் சேற்றைக் கொண்டுவந்து தள்ளியது. வரப்பைக் கட்டி, பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, மறுபடி உப்புப் பூப்பதற்குள் 2005 கோடையில் பாதி போய்விட்டது. அதனால் அந்த முதல் குவியல் எங்களுக்கு உயிர் மாதிரி. எங்கள் அளத்தில் அவரவர் வாரிய உப்பைக் குவித்து, அதன்மேல் சாம்பலால் ஆளுக்கொரு குறி போடுவோம். என் குறி வட்டம், அண்ணியின் குறி சிலுவை. குறி போட்ட குவியலை அடுத்தவர் தொடக்கூடாது. மழை வந்தால் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. யாருடைய குவியலானாலும் கையில் அகப்பட்ட கீற்றைப் போட்டு மூடிவிட வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை பதினொரு மணி வாக்கில் வானம் கறுத்தது. அண்ணி ஜெபவீட்டில் இருந்தார். அண்ணன் லாரிக்கு உப்பு ஏற்றப் போயிருந்தார். நான் என் குவியலை மூடினேன். கீற்று மீதி இருந்தது. பத்தடி தள்ளிச் சிலுவைக் குறி. 'அவங்க சாமியே வந்து மூடட்டும்' என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மழை கால் மணி நேரம்தான் பெய்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அண்ணி நனைந்தபடி ஓடிவந்தார். பாதிக்கு மேல் கரைந்து வாய்க்காலில் போய்விட்டது. 'நான் பாக்கறதுக்குள்ள போயிடுச்சு' என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். கேட்டால்தானே சொல்ல? "தலைய தொவட்டிக்கம்மா, ஜொரம் வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கூடையில் அள்ளினார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் என் தட்டில் ஒரு துண்டு மீனைக் கூடுதலாக வைத்து, "சாப்புடு" என்றார்.

அன்றிலிருந்து, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடம் தவித்தேன். இத்தனை நீள வாயில் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

2006-ல் அண்ணிக்கு வயிற்றில் கட்டி வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். இனி நாள் இல்லை என்று புரிந்தது. மறுநாள் கிளம்ப வேண்டும் என்ற நிலையில், கட்டிலோரம் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அண்ணி, அன்னிக்கு மழயில உங்க உப்ப நான் வேணும்னேதான் மூடல."

"தெரியும். ரோட்டுலருந்து எறங்கும்போதே பாத்தேன். கைய கட்டிக்கிட்டு நின்னுட்டு இருந்த."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லுவ. அதையும் கேட்டுட்டு உங்கூட ஒரே வீட்டுல எப்படி இருக்கிறது?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்ன பெரிய மகான்னு நெனச்சுடாத. மூணு நாள் எனக்கு ஜெபமே வரல. முட்டி போட்டா உன் மூஞ்சிதான் வருது. உன்ன நாலு சாத்து சாத்தணும்னு இருந்துச்சு. நாலாம் நாள், ஆண்டவரே, என்னால ஆவல, இவள நீங்களே பாத்துக்குங்கன்னு உன் பேர சொல்லிட்டேன். அப்புறந்தான் எனக்கு சோறு எறங்குச்சு."

நான் அழுதேன். "மொதல்ல அந்தப் பழத்த குடு. அது மேலயே அழுதா உப்புக் கரிக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பதினோரு நாள் இருந்தார். ஒரு மதியம் அண்ணன் மடியில் தலை வைத்தபடியே போய்விட்டார். நான் இன்றும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனாலும் அண்ணியின் ஆண்டவரிடம் எனக்காகப் பேச ஒருவர் இருந்தார் என்ற நினைப்பில்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன்.

முறை வைத்து வந்து கஞ்சி கொடுத்த ஜெபவீட்டுச் சகோதரிகளுக்கும், நேரம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டிய கோட்டக்குப்பத்து பாய்க்கும், அண்ணி படுத்திருந்த நாட்களில் அவர் பாத்தியையும் சேர்த்து வாரிய அளத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. போவதற்கு முந்தின நாள் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மழ விஷயத்த யாருகிட்டயும் சொல்லாத. சொந்தக்காரங்க உன்ன ஒரு மாதிரி பாப்பாங்க" என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன். அண்ணி பேச்சை இந்த ஒரு தடவை மீறிவிட்டேன். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை, எங்கள் அண்ணி யார் என்று உங்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.