வர்க்கிக்காகப் போட்ட சண்டை அல்ல

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இன்று எனக்கும் ஒரு குரங்குக்கும் அடிதடி.

வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்க வந்தது, என் இடது கையைப் பிடித்துத் தொங்கியது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்த பக்கம் அது. அந்தக் கையில் கீறலோ ஊசியோ படக்கூடாது, பட்டால் வீங்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வலது முஷ்டியால் அதன் மூஞ்சியில் குத்தினேன். வலது மணிக்கட்டைக் கடித்தது. ரத்தம் வழிய வழிய மறுபடியும் குத்தினேன். பொட்டலத்தோடு ஓடிவிட்டது.

“ஏனுங்க அக்கா, ஒரு வர்க்கிக்கா இத்தனை சண்டை?” என்றார் பூக்கடைக்காரர்.

“வர்க்கி போகட்டுமுங்க. இந்தக் கையத் தொடக்கூடாது!”

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி, தடுப்பூசிக்கு. நர்ஸ் என் காயத்தைப் பார்த்துவிட்டு, “பாவம், அந்தக் கை வேண்டாமுங்க. எடது கையக் காட்டுங்க” என்றார்.

வலது முஷ்டியை நான் இன்னும் விரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.