ஒரு பகல் பாஸ்போர்ட்

எங்கள் தொழிற்சாலையில் பணம் போட்டிருக்கும் வெளிநாட்டு ஃபண்டுக்காரர்களுக்குத் திடீரென்று மனசாட்சி வந்துவிட்டது. தொழிலாளியை வதைக்காத கம்பெனியில்தான் முதலீடு செய்வார்களாம். லாபம் மட்டும் குறையக் கூடாது. அதனால் மலேசியாவில் கெலாங் பாத்தாவில் இருக்கும் எங்களுக்கு, தொழிலாளிகளை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க வருஷத்துக்கு ஒரு முறை ஆடிட் வரும்.

ஆடிட் அன்று காலையில், ஓடிப்போய்விடக் கூடாதென்று ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டுகளை வெளிநாட்டுத் தொழிலாளிகளிடம் கொடுப்போம். சாயங்காலம் திரும்ப வாங்கிவிடுவோம். ஆபீஸ் கிளார்க்கான எனக்குத்தான் அந்த வேலை. முதல் வருஷம் கூசியது. அப்புறம் கேன்டீன் டோக்கன் கொடுப்பதுபோல ஆகிவிட்டது.

ஒரு வருஷம் ஆடிட்டுக்கு வந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். "மிஸ்டேக் பண்ணிடாதீங்கலா. ஃபண்டு போச்சுன்னா நம்ம எல்லாருக்கும் வேலை போயிரும்" என்றார் மேனேஜர்.

எதிரில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் அவருடைய அப்பா சாகக் கிடந்தார். இரண்டு வாரமாக லீவு கேட்டு எங்களிடம் அலைந்துகொண்டிருந்தார். ஆடிட் முடியட்டும் என்று இழுத்தடித்தோம்.

பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார்.

ராமநாதபுரத்துக்காரர் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அக்கா, இன்னைக்கு மட்டுந்தான் குடுத்திருக்காங்கன்னு சொல்லுங்க. அப்பாவப் பாக்கப் போகணும். இத நானே வச்சுக்கலாமான்னு கேளுங்க."

ஐம்பது வயதில் எனக்கு வேறு வேலை எவன் கொடுப்பான்? "எப்போதும் தன்னிடமே வைத்திருக்கிறாராம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

அந்த அம்மா சிரித்துத் தலையாட்டினார். அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து, ராமநாதபுரத்துக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார்.

சாயங்காலம் பாஸ்போர்ட் வாங்கப் போனேன். "அந்தம்மா சரின்னாங்களே அக்கா?" என்றார். அவர் விரல்களை விலக்கித்தான் அதை எடுத்தேன். அந்தக் கையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. என் கையைச் சொல்கிறேன்.

நான்காம் நாள் அவர் அப்பா போய்விட்டார். தம்பி கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினார். ஆடிட் அறிக்கையில் எங்களுக்கு ரொம்ப நல்ல பெயர். முன்பு இங்கே அக்கிரமம் மட்டும் இருந்தது, இப்போது அதற்குச் சான்றிதழும் இருக்கிறது. அதை நம்பி எந்த ஊரிலோ நல்ல மனிதர்கள் தங்கள் சேமிப்பை எங்களிடம் போடுகிறார்கள்.

மறு வருஷமும் அதே அம்மா வந்து அதே கேள்வியைக் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள், என் பக்கம் திரும்பாமலே ராமநாதபுரத்துக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"ஐ கீப், மேடம். ஆல்வேஸ் ஐ கீப்."