பிள்ளையாருக்கு ஆகாத தண்ணீர்

இதை எழுத மூன்று வருஷம் தயங்கினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் இதையெல்லாம் பேசலாமா என்ற பயம் ஒன்று. தப்பு செய்தவனே நான்தான் என்ற வெட்கம் இன்னொன்று. பிள்ளையார் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

சிங்கப்பூர் வெயிலில் தினமும் ஸ்வெட்டரோடு பஸ் ஏறுகிறவன் நான். என் வேலையிடத்தில் ஜன்னலே கிடையாது. அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர் பெட்டிகள். உலகத்தார் நெட்டில் அனுப்பும் படமும் கடிதமும் அதற்குள்தான் இருக்கின்றனவாம். அவை சூடேறாமலிருக்க, மார்கழி விடியல் போலக் குளிர வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிருக்காக ஓடும் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆள் பேச்சு கேட்காது. எந்நேரமும் ஓர் உறுமல்தான். ஒருநாள் சீன சூப்பர்வைசரிடம், "பாஸ், வாட்டர் எங்க கோயிங்?" என்று கேட்டேன். எனக்குத் தாகம் என்று நினைத்துத் தன் பாட்டிலை நீட்டினார். குழாயைக் காட்டி மறுபடி கேட்டதும் கூரையைக் காட்டினார். ஏறிப் பார்த்தேன். தண்ணீர் ஆவியாகி, தூபம் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. எந்தச் சாமிக்கு என்றுதான் தெரியவில்லை.

குறிஞ்சிப்பாடியில் எங்கள் வீட்டுக் கிணற்றின் முதல் வாளி தெருமுனைப் பிள்ளையாருக்கு. அவருக்கு ஊற்றாமல் நாங்கள் யாரும் வாயில் வைக்க மாட்டோம். 2004இல் நான் புறப்பட்டபோது மகள் கைக்குழந்தை. ஐந்தாறு வருஷம் அவளுக்கு நான் போனில் வரும் குரல் மட்டும்தான். பிறகு லேப்டாப் அனுப்பினேன்; சிக்னல் இல்லாமல் படம் நின்று நின்று வந்தது. அந்தச் சமயம் பார்த்து செல்போன் டவர் வைக்கத் தோட்டத்தில் இடம் கேட்டு வந்தார்கள். என் மனைவி சரஸு, "கெணத்தங்கரையாச்சேங்க" என்று இழுத்தாள். "புள்ள முகத்த பாக்கணும், குடுத்துடு" என்று சொன்னவன் நான்.

கரண்ட் பாதி நாள் இல்லாத காலம் அது. டவருக்கு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. சிந்திய டீசலை மண் குடித்தது. மண்ணிடமிருந்து கிணறு வாங்கிக்கொண்டது. ஒரு காலை சரஸு வாளியைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் மேல் மயில்கழுத்து நிறத்தில் படலம். டவர் தயவில் படம் அவ்வளவு தெளிவு. நாற்றம் மட்டும்தான் கடல் தாண்டி வரவில்லை.

அவள் தம்பி பின்னாலிருந்து, "மாமா, இனிமே கோயில் வெளக்குக்கு எண்ணெ வாங்க வேணாம். நம்ம கெணத்துல ஒரு வாளி மொண்டா போதும்" என்றான்.

"சும்மா கெடடா!" என்று அதட்டிவிட்டு சரஸு என்னைக் கேட்டாள்: "சாமிக்கு ஊத்த முடியாத தண்ணிய புள்ளைக்கு எப்படிங்க குடுப்பேன்?"

டவரை எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். மகள் கேட்டாள்: "டவரு போயிட்டா நீங்க மறுபடியும் வெறும் கொரலா பூடுவீங்களாப்பா?"

அப்படி ஆகவில்லை. டவர் மூன்றாவது வீட்டுத் தோட்டத்துக்குப் போனது. அவர்களுக்கும் கிணறு உண்டு. எங்கள் கிணறு இன்னும் நாறுகிறது. பிள்ளையாருக்கு எதிர்த்தெரு அடிபம்பிலிருந்து தண்ணீர் போகிறது. படம் மட்டும் குறையில்லாமல் வருகிறது, நானும் பார்க்கிறேன்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம்; "குடுத்துடு" என்று நான் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். ஓய்வு நேரத்தில், காதில் இந்தக் கட்டடத்தின் உறுமலோடு மகளைக் கூப்பிடுகிறேன். அவள் பேச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டு ஜெனரேட்டர் உறுமுகிறது. எது இங்கே, எது அங்கே என்று என் காதுக்கு இப்போது பிரிக்கத் தெரியவில்லை.