'நான்' என்று எழுதிய அம்சம்

தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அம்சம், தபால்காரரைக் கண்டாலே அறைக்குள் போய்விடுவாள். 1988 சித்திரையில், அவள் எழுதிய எட்டுப் பக்கம் ஒரு சிறுபத்திரிகையில் வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

ஜப்பானியத் தன்கதை நாவல்களைச் சீன, கொரியக் கதைகளோடு ஒப்பிடுவது அவள் ஆராய்ச்சி. சீன எழுத்தாளன் தன் அவமானத்தைச் சொல்ல ஆரம்பித்துச் சீக்கிரமே நாட்டின் நோய்க்குப் போய்விடுகிறான். அந்நியர் ஆட்சியில் எழுதிய கொரியன், யார் காதில் விழுமோ என்று பாதியை விழுங்கிவிடுகிறான். ஜப்பானியனோ வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு, 'இந்தக் கேவலத்தைச் செய்தவன் நான்தான்' என்கிறான். விலக்குகள் உண்டு என்று அவளே அடிக்குறிப்பும் போட்டிருந்தாள்.

அந்த அத்தியாயத்தை முடித்த அன்று அவளுக்கு ஒன்று உறைத்தது. அவளும் தன் ஊர்க் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். மிராசுதார், கூலிப் போராட்டம், போலீஸ் எல்லாம் அதில் வரும். எல்லாம் உண்மைதான். அவள் மட்டும் அதில் இருக்கமாட்டாள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறுவருஷம், அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டு ஊரில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னால் நின்ற சாமிதுரையைப் போலீஸ் தேடியது. அவர் ஒளிந்திருந்த மோட்டார் கொட்டகையை வாய்க்கால் பாலத்தில் நின்று விரல் நீட்டிக் காட்டியது ஒன்பது வயது அம்சம். மிராசுதாரின் காரியக்காரர் மணிக்கட்டை முறுக்கினார், காட்டிவிட்டாள். போலீஸ் அடியில் சாமிதுரைக்கு ஒரு கால் போனது. ஊரோ அவள் அப்பா வீரையன்தான் காட்டிக் கொடுத்தார் என்று முடிவுகட்டியது. பத்து வருஷம் நல்லது கெட்டது எதற்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. அவர் செத்தபோது தூக்க நாலு பேர் சேரவில்லை. அப்போதும் அம்சம் வாய் திறக்கவில்லை.

அதைத்தான் இப்போது பெயர்களை மாற்றாமல் எழுதியிருந்தாள்.

"ஒங்க ஊருல யாரு இந்தப் பத்திரிகையெல்லாம் படிக்கப்போறாங்க?" என்றாள் அறைத்தோழி நூர்ஜஹான்.

படித்தது சாமிதுரையின் மகள் தங்கம்மாள், பேராவூரணியில் டீச்சர். மூன்றாம் வாரம் அவளிடமிருந்து கார்டு வந்தது: 'அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே வரச் சொல்கிறார்.'

அம்சம் பேராவூரணிக்குப் பஸ் ஏறினாள். இறங்கியதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் நின்றாள்.

சாமிதுரை கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கம்பு பக்கத்தில் சாத்தியிருந்தது. அம்சம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒக்காரு" என்றார். "நீ கைய நீட்டுனத கதவுச் சந்து வழியா நான் பாத்தேன். அறுத்த வயலு, ஓடுனா தெரியும். அப்பவே தெரியும் எனக்கு."

அம்சம் உட்காரவில்லை. "தெரிஞ்சுமா... எங்கப்பாவ அப்படி விட்டீங்க?"

"அதுக்கு முந்துன வாரம் ஒங்கப்பன் எங்கள விட்டுட்டு அறுப்புக்கு எறங்கிட்டான். அந்தக் கோவம். ஊரு அவன் பேரச் சொன்னப்ப நான் சும்மா இருந்துட்டேன். அப்புறம் சொல்ல மொகமில்ல." சாத்தியிருந்த கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இதையும் எழுதிப்புடு. எம் பேரப் போட்டே எழுது."

வாசலில் தங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதீங்க அக்கா. ஊருல விவசாயச் சங்கக் கொடிமேடையில எங்கப்பா பேரு வெட்டியிருக்கு. ஊரு மொகத்துல நாங்க முழிக்க வேணாமா?"

அம்சம் கையை விடுவித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

இரண்டு மாதம் அம்சம் ஒரு வரி எழுதவில்லை. பிறகு எழுதி, முதலில் சாமிதுரையிடமே வாசித்தாள். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "'கோபத்தில்'னு போட்டிருக்க. கோவம் ஒரு வருஷந்தான். மிச்சமெல்லாம் பயம்."

அந்தத் திருத்தத்தோடு அச்சானது. கொடிமேடைப் பெயரில் யாரோ தார் பூசினார்கள். சாமிதுரை அதைத் துடைக்கவேண்டாம் என்றுவிட்டார். ஊர்க்காரர்கள் சிலர் வீரையனுக்குப் பத்து வருஷம் பிந்திக் கருமாதிச் சோறு போட்டார்கள். தங்கம்மாள் அதற்கு வரவில்லை. அம்சம் போட்ட கடிதங்களுக்குப் பதிலும் எழுதவில்லை.