மாமன் மடி

என் மகளுக்கு ஏழு வயதுவரை காது குத்தவில்லை. காரணம் நான்தான். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. ராணுவத்தில் இருந்தான். ஐ.நா. அமைதிப்படையோடு தெற்கு சூடானுக்குப் போயிருந்தான். வீடியோ காலில் வந்தால் முதலில் மருமகளைத்தான் காட்டச் சொல்வான். அவளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. "யக்கா, நான் லீவுல வர்ற வரைக்கும் எவனும் அவ காதுல கை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று மிரட்டுவான். நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அந்த ஊரிலும் விளையுமாம். ஒரு நாள் சந்தையில் வாங்கியதைக் கேமரா முன்னால் காட்டி, "இத்த துன்றதுக்கா பிளேன் ஏறி வந்தேன்? நம்ம வளவனூர்லயே இருந்திருப்பனே!" என்று சிரித்தான்.

லீவுக்கு முன்னால் அங்கே வெள்ளம் வந்துவிட்டது. தண்ணீரில் மாட்டிய ஊர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வரும்போது படகு கவிழ்ந்தது. கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவனை நினைத்தால் முதலில் வருவது சிரிப்புதான். அப்படி ஒரு வாய் அவனுக்கு.

அவன் போன பிறகு யாராவது காதுகுத்துப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவேன். மாமியார், "மூளிக் காதோடவே கட்டிக் குடுத்துடுவியா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். பெரியப்பா மகனுக்கு மாமன் முறை உண்டு, ஆசை அதைவிட உண்டு. பைபாஸில் தன் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கவும் சீரை லாரியில் ஏற்றிக்கொண்டு வரவும் ரெடியாக இருந்தார். "தோ பாரு தங்கச்சி, மாமன்னு நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றார்.

"குத்துக்கல்லு மேல எம் பொண்ணு உக்கார மாட்டாண்ணே" என்றேன்.

கடைசியில் மகளே என்னை மடக்கினாள். பள்ளிக்கூடத்தில் யாரோ "நீ பையனா?" என்று கேட்டுவிட்டார்களாம். அழுதுகொண்டே வந்தாள். "எனக்கு ஜிமிக்கி போடவே மாட்டியாம்மா?" என்றாள். குத்தியே ஆகவேண்டும். ஆனால் யார் மடியில்?

அன்றைக்கே திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். என் தம்பிக்கு நிச்சயம் செய்திருந்த பெண் அங்கே மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவன் இல்லை என்றான பிறகு, அவளுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி அவள் அப்பாவோடு மல்லுக்கு நின்றதே நான்தான். போன வருஷம் கல்யாணமாகிவிட்டது. ஆனால் என் மகளுக்கு, பேச்சு வந்த நாளிலிருந்து அவள்தான் அத்தை.

"நீ வந்து மடியில வெச்சிக்கம்மா. மாமன் இல்லன்னா அத்தை" என்றேன்.

கடைக்கு வந்த யாரிடமோ "ஒரு நிமிஷம்" என்றாள். பிறகு, "வர்றேன் அண்ணி" என்றாள்.

மயிலம் கோயிலில் வைத்துக்கொண்டோம். அவள் முழுகாமல் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆட்டோவிலிருந்து முதலில் வயிறு இறங்கி, பின்னால் அவள் இறங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது: அங்கே மடியே இல்லை. பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? அவளுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. பெரியப்பா மகன் மட்டும் சிரிக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணையை நோக்கி நகர்ந்தார்.

அப்போதுதான் அவள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். லேத் பட்டறையில் வேலை, பேசவே காசு கேட்கிற ரகம். "இவ அத்தைன்னா நான் மாமன்தானேக்கா? நான் உக்கார்றேன்."

"இது எந்த ஊரு முறை?" என்று பெரியப்பா மகன் ஆரம்பித்தார்.

"மயிலத்து முறை" என்றேன். "நீங்க போயி பந்தியைப் பாருங்கண்ணே."

மணையில் உட்காரப் போன அவள் வீட்டுக்காரர் திரும்பி என் பக்கத்தில் வந்தார். "உங்க தம்பி ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரேக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். உயிரோடு இருக்கிற ஒருத்தனைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டார். மாட்டான் என்று தலையை ஆட்டினேன்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் என் மகள் ஊரைக் கூட்டினாள். மடியில் வைத்திருந்தவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பட்டன் தெறிக்க இழுத்தாள். அவர் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "ஆச்சு கண்ணு, ஆச்சு, மாமன் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு காதும் முடிந்தது. அவள் அழுகை நின்றும் அவருக்கு நிற்கவில்லை.

எத்தனையோ வருஷமாகக் கடைப் பையனைக்கூட நான் தம்பி என்று கூப்பிட்டதில்லை. வாய் வராது. அன்று கையை நீட்டி, "எழுந்திரு தம்பி, எலை போட்டுட்டாங்க" என்றேன்.