உயிரோடு இருப்பவருக்கு ஒரு பிறேம்

கிளிநொச்சி ரவுனில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுப் பிறேம் அடிக்கிற கடைக்காரர் என் மகள் பென்சிலால் கீறிய படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"முப்பத்தொண்டு எப்ப அக்கா? அதுக்கு முதல் தந்திடுவன்."

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ தெரியாது. "என்ன கதை கதைக்கிறியள்? இவர் என்ரை மனுசன். அந்தா, றோட்டில நிண்டு பிளேன்ரீ குடிக்கிறார், பாருங்கோ!"

அவர் எட்டிப் பார்த்தார். படத்தில் இருந்தவரேதான். தலையில் துவாய், வெயிலுக்குச் சுருக்கிய கண், மூன்று நாள் தாடி. பாவம், அந்த ஆளையும் குறை சொல்ல ஏலாது. எங்கள் பக்கத்தில் ஒரு தனி ஆளின் முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுகிறார்கள் என்றால், அந்த ஆள் செத்து முப்பத்தோராம் நாள் கிரியை வருகிறது என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர்கள் சுவரில் தொங்குவது கலியாணப் படத்தில் மட்டும்தான். அங்கேயும் சோடியாகத்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்தும்தான் போனேன். என் மகளுக்காகப் போனேன்.

இவருக்கு இருதய ஒப்பரேசன் என்று யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை மறித்து வைத்திருந்தார்கள். நான் அவரோடு நின்றேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் அக்கராயனில் என் தங்கச்சி வீட்டில் நின்றாள். அந்த மூன்று கிழமையும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாக இந்தப் படத்தோடுதான் இருந்தாளாம். "கீறி முடிக்கேக்கை அப்பா வந்திடுவார் சித்தி" என்று சொல்லிச் சொல்லிக் கீறினாளாம். அவள் கடைசியாகக் கண்ணுக்குக் கறுப்புத் தீட்டிய அன்றைக்குத்தான் இவரும் வீட்டுக்கு வந்து இறங்கினார். அப்படிப்பட்ட படத்தைச் சுருட்டி அலுமாரிக்குள் வைக்கச் சொல்கிறீர்களா?

கடையில் இருந்த சட்டங்கள் எல்லாம் ஒரே சாதி. பொன் நிறத்தில் தடிப்பாக, நாலு மூலையிலும் பூ வைத்து, மேலே மாலை போடக் கொளுக்கி, கீழே சிவப்பு பல்ப் பூட்ட ஓட்டை. மண்ணிறத்தில் கேட்டேன். அதிலும் கொளுக்கி. மெல்லிசாகக் கேட்டேன். அதிலும் ஓட்டை.

"தாடியை எடுத்துப்போட்டு கோட்டும் ரையும் போட்டுத் தரட்டோ? கொம்பியூட்டரில செய்யலாம்" என்றார் கடைக்காரர்.

"நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம் அண்ணை. கொளுக்கியும் பல்ப்பும் இல்லாமல் சும்மா ஒரு சட்டம். அவ்வளவுதான்."

"ஓம், ஓம், விளங்குது" என்றார். ஒன்றும் விளங்கவில்லை. நாலு நாள் கழித்துப் போய் எடுத்தால் கொளுக்கியும் பல்ப்பும் பூட்டியிருக்கிறது. கைப்பழக்கத்தில் பூட்டிவிட்டதாம். "பறவாயில்லை அக்கா, கீழ திகதி எழுதவும் இடம் விட்டிருக்கிறன். எப்பவோ உதவும்தானே" என்றார். மனுசனை அந்தச் சட்டத்தாலேயே ஒன்று போட்டிருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பல்ப்பைப் பிடுங்கி எறிந்தேன். கொளுக்கியைக் குறட்டால் நெளித்தேன். செத்துப்போன மாமா, மாமியின் படங்கள் இருக்கிற சுவர் வேண்டாம் என்று எதிர்ச் சுவரில் மாட்டினேன். "எனக்கென்ன, போடுங்கோ" என்றார் இவர். ஆனால் அதைக் கடந்து போகும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். மகள் அதைக் கவனித்தாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அடுத்த நாள் பக்கத்து வளவு அக்கா வந்தா. அவா ஒரு மாதமாக வவுனியாவில் மகள் வீட்டில் நின்றவா. படியில் கால் வைத்ததும் படத்தைக் கண்டா. நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ என்ரை கடவுளே! ஒரு சொல்லுச் சொல்லேல்லையேடி!" என்று அங்கேயே குந்திவிட்டா.

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தவர், "ஆரது?" என்று கேட்டார். அக்கா போட்ட கூச்சலில் கோழியெல்லாம் பறந்தன.

எனக்குச் சிரிப்பும் வந்தது, விசரும் வந்தது. ஆனால் அன்று பின்னேரம் படம் சுவரில் இல்லை. மகளின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. கேட்டதும் அழத் தொடங்கினாள்.

"நான் கீறினதால அப்பாவுக்கு ஏதும் வந்திடுமோ அம்மா? இனி நான் அப்பாவைக் கீறமாட்டன்."

இந்தச் சொல்லைக் கேட்கத்தானா நான் இவ்வளவு அலைந்தேன்? ஒரு நாலு துண்டு மரம் என் பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டுவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன்.

அங்கே சுவரில் இவர் சவரம் செய்கிற கண்ணாடி தொங்கியது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது கடையில் வாங்கியது. நீலப் பிளாஸ்ரிக் சட்டம், வெளிறிப்போனது. தினமும் காலையில் இவருடைய முகம் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு நாளும் ஒருவரும் அதற்கு மாலை போட நினைத்ததில்லை. அந்தச் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினேன். படத்தைப் பொன் சட்டத்திலிருந்து எடுத்து, வெள்ளை ஓரத்தை ஒரு விரல் அளவு வெட்டி நீலச் சட்டத்துக்குள் செருகினேன். மேலே கொப்பிக்குப் போடுகிற தெளிந்த பிளாஸ்ரிக் உறையைப் போட்டு, வீட்டுக்குள் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினேன். அந்தப் பொன் சட்டம் இன்னும் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. காணும்போதெல்லாம் எரிச்சல்தான்.

காலையில் முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு இவர் கத்தினார்: "இஞ்சேர், கண்ணாடி எங்கை?"

"உள்ளுக்கு, உங்கடை முகத்தோட இருக்கு. போய்ப் பாருங்கோ."

வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை. மகள் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் கன்னத்தைத் தடவினார், படத்தைப் பார்த்தார், திரும்பவும் தடவினார்.

"இவர் இன்னும் தாடி வழிக்கேல்லை. நான் மட்டும் ஏன் வழிக்க?" என்று துவாயால் நுரையைத் துடைத்தார். பிறகு மகளைப் பார்க்காமலே சொன்னார்:

"அடுத்ததைத் தாடியில்லாமல் கீறு பிள்ளை. அவசரமில்லை. ஆறுதலாக் கீறு. நான் இஞ்சைதான் இருப்பன்."

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். கிட்ட வந்து, அவர் காதுக்குப் பின்னால் மிச்சமிருந்த நுரையைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.